அண்ணிக்காகக் கைதட்டியவர்கள்

1

இந்தக் கதை அண்ணியின் சிறுநீரிலிருந்து பிறந்தது. இதைவிட நாகரிகமான தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ‘விடியற்காலையின் இளங்குளிரில்…’ என்று எழுதிப் பார்த்தேன். பொய். அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் குளிர் ஏது? இருபது பேர் வியர்வை, ஒரே ஜன்னல்.

அண்ணி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். நாள் முழுக்க நாற்காலி. இடுப்பு வலிக்கிறது என்றவரைக் குழு உடற்பயிற்சி வகுப்புக்கு இழுத்துப் போனவள் நான். (முதல் இரண்டு பிரதிகளில் இந்த வரி இல்லை.)

2

மாஸ்டரை வில்லனாக்கினால் என் வேலை சுலபம். தடித்த கழுத்து, கையில் விசில், சிவந்த… இல்லை. ஒல்லியானவர். எல்லோரையும் அக்கா என்பார். சிரித்துக்கொண்டேதான் பிழிந்தெடுப்பார்.

முதல் நாளே உட்கார்ந்து எழவேண்டும், நூறு முறை. அறுபதில் அண்ணி நின்றுவிட்டார்.

“போதும் மாஸ்டர். கால் என் பேச்சைக் கேக்கல.”

“நீங்க கால் பேச்சைக் கேக்காதீங்க அக்கா.”

கூடமே சிரித்தது. அண்ணியும் சிரித்தார். புதிதாக வந்தவரைப் பாதியில் விடக்கூடாது என்பது அங்கே சட்டம். எல்லோரும் சுற்றி நின்று கைதட்டினோம். நூறையும் முடித்தார்.

நான் மட்டும் “நிறுத்துங்கள்” என்று (இந்த வரியை அடித்துவிட்டேன். அப்படி எதுவும் சொல்லவில்லை.)

3

மறுநாள் அவரால் படி இறங்க முடியவில்லை. வகுப்பின் வாட்ஸப் குழுவில் கேட்டதற்கு, வலித்தால் வளர்கிறது என்று அர்த்தம் என்றார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதித்துவிட்டது என்றார் மருத்துவர். பத்து நாள் படுக்கை. இரண்டு முறை டயாலிசிஸ். பிழைத்துக்கொண்டார்.

அவரை மருத்துவமனையில் சேர்த்த மறுநாள் காலையும் நான் வகுப்புக்குப் போனேன். விசாரித்தார்கள். காய்ச்சல் என்றேன்.

4

கட்டிலருகே உட்கார்ந்து நான் கேட்ட கேள்வியை அப்படியே தருகிறேன்.

“முடியலைன்னா நீங்க அப்பவே நிறுத்தியிருக்கலாமே, அண்ணி?”

அவர் சொட்டுமருந்துக் குழாயைப் பார்த்தபடி சொன்னார்:

“நிறுத்திட்டேனே. நீதான் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, ‘என் மானத்தை வாங்காதீங்க’ன்னு காதுல சொன்ன.”

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொள்கிறார். இன்னொன்றில் அந்தக் கூடத்தை இழுத்து மூடுகிறார்கள். மூன்றாவதில் அண்ணி பிழைக்கவில்லை. அதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்தினேனே என்று சொல்ல அதில் ஆள் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். அண்ணி வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் அவர் வீட்டுக்குப் போனால், நோயாளிகளை வரவேற்கும் அதே குரலில், “வாங்க, உக்காருங்க” என்கிறார். பதினாறு வருடமாக என்னை ‘வா, போ’ என்றவர்.

இதை அவரிடம் படிக்கக் கொடுக்கப்போகிறேன். படித்து முடித்ததும் அவர் ‘நீ’ என்று தொடங்குவாரா, ‘நீங்க’ என்றா? அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் மறுபடியும் எனக்குச் சாதகமாகத்தான்…