பிடிஎஃப் போட்ட பங்கு

“அப்பா கட்டின வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து பஞ்சாயத்து பண்ணணுமா? வெளிய சொன்னா சிரிப்பாங்கடி!”

“நீயும் அக்காவும் கத்தினா மட்டும் பிரிஞ்சுடுமாண்ணா? அப்பா போனதுலேருந்து கத்திட்டுத்தானே இருக்கீங்க!”

எதிர்வீட்டு டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது. நல்ல சண்டை நடக்கும்போது நாடகத்தை யார் பார்ப்பார்கள்?

பங்குக்கு மூன்று பேர். அப்பாவின் அச்சகத்தை நடத்தும் அண்ணன், நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா, படித்துக்கொண்டிருக்கும் கடைக்குட்டி. கடைக்குட்டிக்குத் தெரு வைத்த பெயர் பிடிஎஃப். எதையாவது பதிவிறக்கிவிட்டு, “இலவசமாவே கிடைச்சுது!” என்று புதையல் எடுத்தவள்போல் பல்லைக் காட்டுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

முதுகலை ஆய்வுக்கு அவள் எடுத்தது கணினிவழிச் சமூகத் தேர்வியல். பெயர்தான் வாயில் நுழையாது; சங்கதி வீட்டுக்கு வீடு உள்ளதுதான். ஆளுக்கொரு ஆசை இருக்கும் இடத்தில் எப்படி ஓட்டெடுப்பது, எப்படிப் பங்கு பிரிப்பது என்று கணக்குப் போடுகிற படிப்பு. பேராசிரியரோ, “நீயே தேடிப் படிம்மா” என்று கைகழுவிவிட்டார். அதைப் பற்றி நூலகத்தில் இருந்த ஒரே புத்தகத்தை எவனோ எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை. ஒரு பல்கலைக்கழகப் பக்கத்தில் வகுப்புக் குறிப்புகள், மின்விசிறி இரைச்சலில் வாத்தியார் குரல் மூழ்கிப்போன காணொளிகள், அந்தப் புத்தகத்தின் முதல் பாதி என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கினாள். பின்பாதிக்கான இணைப்பு செத்துக் கிடந்தது. பாதியே போதும் என்று நினைத்துவிட்டாள்.

வீட்டுப் பங்கில் அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அம்மா தன்னோடு இருக்கவேண்டும். நேராகக் கேட்டால், “சம்பாதிக்காதவளுக்கு வாயப் பாரு” என்பான் அண்ணன். கணக்கென்று வந்தால் மறுக்க முடியாதே!

அதனால் கணினியில் ஒரு கணக்கு அமைத்தாள்: ஆளுக்கு நூறு புள்ளி. எது எவ்வளவு வேண்டுமோ அதற்கு அவ்வளவு போடலாம். அடுத்தவர் பங்கைப் பார்த்து யாரும் வயிறெரியாதபடி கணினி பிரித்துக் கொடுக்கும். கீழ்வீடு, மாடி, அச்சகம், வேன் என்று தட்டிக்கொண்டே வந்தவள், அதற்கடுத்து ‘அம்மா’ என்றும் தட்டினாள். தட்டும்போது கை கூசவில்லை. அம்மாவுக்கே எண்பது புள்ளி போட்டாள்.

கத்தி ஓய்ந்து மற்ற இருவரும் புள்ளி போட்டார்கள். முடிவைப் பார்த்ததும் அண்ணனின் முகம் மலர்ந்தது.

“கீழ்வீடும் அச்சகமும் எனக்கு. மாடியும் வேனும் அக்காவுக்கு. அம்மா உனக்கு. பரவாயில்லடி, படிப்பு வேலை செய்யுது!”

கேட்டது அவரவர்க்குக் கிடைத்துவிட்டது. யாருக்கும் பொறாமை இல்லை. பிடிஎஃபுக்கு அம்மா உண்டு, வீடு இல்லை.

சமையலறை வாசலில் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அம்மா நின்றிருந்தாள்.

“பெரியவனே, எனக்கு எவ்ளோ போட்ட?”

அண்ணன் அக்காவைப் பார்த்தான்.

“அது சும்மா ஒரு கணக்கும்மா,” என்றாள் அக்கா.

“சும்மான்னா சொல்ல வேண்டியதுதானே. நீ எவ்ளோ போட்ட?”

அக்கா கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு பேரும் போட்டிருந்தது பூஜ்யம்.

“நான் எண்பது போட்டேம்மா,” என்றாள் பிடிஎஃப் அவசரமாக.

“வேனுக்குப் பக்கத்துல வச்சா?”

பிடிஎஃப் பட்டியலைத் திரும்பப் பார்த்தாள்; வேனுக்கு அடுத்த வரியில்தான் ‘அம்மா’ இருந்தது.

“ஆளுக்கு நூறு குடுத்தியே, எனக்குக் குடுக்கணும்னு தோணுச்சாடி? நானும் போட்டிருப்பேன்ல?”

பிடிஎஃப் கணினியைப் பட்டென்று மூடினாள்.

அம்மா அழவில்லை, திட்டவில்லை. அதுதான் கொடுமை. அந்த வாரமே ஒரு பெட்டியோடு வெளியூரில் இருந்த தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். பிடிஎஃப் பேருந்து நிறுத்தம்வரை பின்னாலேயே ஓடி, “நான் வேற அர்த்தத்துல போட்டேம்மா” என்று கெஞ்சினாள். “தெரியும்டி” என்றபடி ஏறி உட்கார்ந்தாள் அம்மா.

அம்மா போனபிறகு, புத்தகம் திரும்பி வந்துவிட்டதென்று நூலகத்திலிருந்து தகவல் வந்தது. வாசிப்பு மேசையில் பின்பாதியைத் திறந்தாள். பங்கிடப்படுவது பொருளாக இல்லாமல் ஆளாக இருந்தால் அவருக்கும் விருப்பம் உண்டு, அவரையும் கேட்டுத்தான் சேர்க்கவேண்டும் என்று ஓர் அத்தியாயமே இருந்தது. மூக்கை உறிஞ்சியபடியே அதைப் படித்து முடித்தாள்.

அண்ணன் கீழ்வீட்டை விற்றுவிட்டு மாமனார் ஊரோடு போய்ச் சேர்ந்தான். அக்கா மாடியைப் பூட்டிவிட்டு வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் பறந்தாள். பிடிஎஃப் அந்த ஆய்விலேயே முதல் வகுப்பில் தேறி, புத்தகத்தைத் திருப்பித் தராமல் வைத்திருந்த அந்த மகராசனையே கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு அம்மா வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், சாயங்காலப் பேருந்தில் தங்கை வீட்டுக்கே கிளம்பிவிட்டாள்.