மண்ணெண்ணெய் தெளியும் வரை

சூறாவளி ஓய்ந்த இரண்டாம் நாள் காலை, கோமாரிக் கடற்கரையில் ஒரு வெள்ளைக் கேனுக்கு முன்னால் குந்தியிருந்தேன். அதற்குள் நாலு கேலன் மண்ணெண்ணெய் இருந்தது. ஊரில் மிஞ்சியது அவ்வளவுதான். அது கல்முனை வரைக்கும் காணும். திரும்பி வருவதைப் பற்றி எங்களில் யாரும் கதைக்கவில்லை.

என் மனைவி முனவ்வறாவுக்கு சுபஹ் தொழுகை நேரத்தில் வலி வந்திருந்தது. எட்டாம் மாதம். அடுத்த வெள்ளிக்கிழமை அவளைச் சாய்ந்தமருதுக்கு, அவளுடைய உம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தோம். இப்போது ரோட்டு முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன. பிரசவம் பார்க்கும் செல்லத்தங்கம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"புள்ள குறுக்க கிடக்கு மாஸ்டர். என்ட கையால ஏலாது. கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. சுணங்காதீங்க."

உடையாமல் தப்பிய ஒரே எஞ்சின் தோணி சாமித்தம்பியுடையது. மண்ணெண்ணெய்க்கு நான் ஓடினேன். மீன்வாடிக்குப் பின்னால் மூடி கழன்று உருண்டு கிடந்த பீப்பாயில் கொஞ்சம் இருந்தது, மழைத்தண்ணீரும் சேர்ந்து. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. நான் விஞ்ஞான ஆசிரியன். எண்ணெயும் தண்ணீரும் கலப்பதில்லை, அடர்த்தி குறைந்த எண்ணெய் மேலே நிற்கும் என்று அந்த மாதம்தான் எட்டாம் வகுப்புக்குப் போத்தலில் குலுக்கிக் காட்டியிருந்தேன். பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலே நிற்பதைக் குழாய் போட்டு இழுத்தால் போதும்.

கிடைத்த கேனுக்குள் மணலும் மீன்செதிலும் ஒட்டியிருந்தன. எஞ்சின் அடைத்துக்கொள்ளுமே என்று, பிள்ளைத்துணி தோய்க்க வாங்கி வைத்திருந்த சவுக்காரத்தூளைப் போட்டுக் கழுவினேன். கிணற்றில் கடல் புகுந்திருந்தது. இருந்த நல்ல தண்ணீர் ஒரு தரம் அலசத்தான் காணும். பிறகு பீப்பாயைச் சரித்துக் கேனை நிரப்பி, தோளில் வைத்துக்கொண்டு மணலில் அரை மைல் ஓடினேன்.

இறக்கி வைத்தபோது சாமித்தம்பி எட்டிப் பார்த்தார்.

"இதென்ன மாஸ்டர், எண்ணெய்க்குப் போய் எருமையைக் கறந்துகொண்டு வந்திருக்கீங்க?"

உள்ளே எல்லாம் வெள்ளையாக இருந்தது. கோடும் இல்லை, அடியும் இல்லை, மேலும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைப்பது சவுக்காரம். பால்மம் என்று பாடப்புத்தகத்தின் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை நான் இன்னும் படிப்பிக்கவில்லை.

சவுக்காரம் போட்டதை அவருக்குச் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுங்க, தெளியும்" என்றேன்.

அரை மணித்தியாலம் போனது. மேலே ஒரு விரலளவு தெளிந்தது. அதைக் குழாயால் இழுத்துத் துணியில் வடித்தேன். முக்கால் போத்தல். வெயில் ஏற ஏற இன்னொரு விரல், பிறகு இன்னொரு விரல் என்று தெளியத் தெளிய இழுத்துக்கொண்டிருந்தேன். தோணியில் பாய் விரித்து முனவ்வறாவைக் கிடத்தியிருந்தோம். அவளுடைய சத்தம் முதலில் எண்ணி எண்ணி வந்தது. பிறகு இடைவெளி இல்லாமல் வந்தது. பிறகு குறைந்தது.

"தண்ணி கலந்ததிலயும் நான் ஓடியிருக்கன் மாஸ்டர்," என்றார் சாமித்தம்பி. "இருமி இருமிப் போகும். வாங்க."

"அலைக்குள்ள எஞ்சின் நிண்டா தோணி பிரளும். அவ இருக்கிற நிலையில..."

"நிண்டா துடுப்பு வலிப்பம். இஞ்ச இருந்து என்ன செய்யப் போறம்?"

அவர் சொன்னது பிழையில்லை. நான் சொன்னதும் பிழையில்லை. நாற்பத்தைந்து வருடமாக இரண்டையும் மாறி மாறி நிறுத்துப் பார்க்கிறேன்.

தோணிக்குள்ளிருந்து முனவ்வறா கூப்பிட்டாள். "இஞ்சேருங்க, இன்னும் என்னத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?"

"தெளியட்டும் புள்ள."

அவள் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "தெளிஞ்சது காணுங்க, போவம்" என்றாள்.

அதற்குப் பிறகும் நான் ஒரு விரலுக்குக் காத்திருந்தேன்.

கல்முனைக்கு மட்டுமட்டாகக் காணும் அளவு தெளிந்த எண்ணெய் சேர்ந்து புறப்படும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அலையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஒரு தரம்கூட இருமவில்லை. திருக்கோவில் கடந்தது, அக்கரைப்பற்று கடந்தது. கரையில் தலை முறிந்த தென்னைகள் வரிசையாகப் பின்னால் போயின. செல்லத்தங்கம் அக்கா முனவ்வறாவின் முகத்துக்கு மேலே ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

சாமித்தம்பி பின்னாலிருந்து சத்தம் போட்டார். "பாத்தீங்களா மாஸ்டர், தேன் மாதிரி ஓடுது! நீங்க சொன்னதுதான் சரி!"

செல்லத்தங்கம் அக்கா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மணிக்கட்டை மெதுவாகப் பாயில் வைத்தார். குடையைத் தாழ்த்தி, மடக்கி, பக்கத்தில் கிடத்தினார். முனவ்வறாவின் முகத்தில் வெயில் முழுதாக விழுந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.