ரெஜிஸ், 1959–2009

1

2009 மார்ச் 14, சனிக்கிழமை, பிரான்சில் தூர் நகரம்: ரெஜிஸுக்கு ஐம்பது வயது நிறைந்தது.

இதை எனக்குச் சொன்னவள் அவன் மனைவி டார்லா. சொன்னபோது இருவரும் சிரித்தோம். எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வரவில்லை. நான்காவது முறையாகத் தொடங்குகிறேன்.

2

டார்லா அமெரிக்காவின் ஒஹாயோக்காரி, வயது நாற்பத்தொன்பது. (முதலில் "துணிச்சல்காரி" என்று எழுதி அடித்துவிட்டேன். அன்று பயந்துபோயிருந்தாள்.) அவள் ஊரில் ஐம்பது ஆனவரை, இளமை செத்துவிட்டது என்று கேலி செய்தே கொண்டாடுவார்கள்: கறுப்பு பலூன், கல்லறை வடிவில் கேக். கணவனுக்குத் தெரியாமல் அதையே ஏற்பாடு செய்தாள். சிரிப்போடு சிரிப்பாக இன்னொன்றையும் சொல்லிவிட நினைத்தாள். ஒஹாயோவில் செவிலியர் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். அவன் கூட வருவானா?

3

பக்கத்து வீட்டு அம்மாள் மதாம் கெர்வே ஜன்னல் வழியே பலூன்களைப் பார்த்தார். கேக்கில் எழுதியிருந்ததையும் படித்தார்: ரெஜிஸ், 1959–2009. ஐந்தே நிமிடத்தில் கறுப்புக் கோட்டோடு வாசலில் நின்றார்.

"எப்பம்மா நடந்துச்சு? காலையில சந்தைக்குப் போறப்போ கூடப் பாத்தேனே!"

"யாரை?"

"மனசத் தேத்திக்கம்மா" என்று டார்லாவைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அப்போது ரெஜிஸ் காய்கறிக் கூடையோடு நுழைந்தான். மதாம் கெர்வே மயங்கி— (இல்லை. உட்கார்ந்து ஒயின் கேட்டார்.)

"செத்தவன் நானா? சாப்பிட்டுட்டுச் சாகலாம்ல?" என்றான் ரெஜிஸ்.

4

மதாம் கெர்வே போனதும் டார்லா கல்லூரி விஷயத்தைச் சொன்னாள்.

"படிக்கவா? இந்த வயசுல சின்னப் பசங்களோட பெஞ்சுலயா?"

"எங்க ஊர்ல அது சாதாரணம்."

"எங்க ஊர்ல இப்பதான் மனுஷன் நிதானமா உக்காந்து சாப்பிட ஆரம்பிக்கிறான். இன்னும் பத்து வருஷத்துல ஓய்வூதியம். எதுக்கு ஓடணும்?"

"பத்து வருஷம் நீ காத்திருப்ப. நான்?"

"நீயும்தான்."

"அப்போ கேக்குல என் பேரையும் எழுதியிருக்கணும்."

ரெஜிஸ் கேக்கில் ஒரு துண்டு வெட்டி அவள் தட்டில் வைத்தான். (பதில் சொன்னதாக ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

5

முடிவு ஒன்று: அவன் பெட்டியை எடுத்து— இல்லை. அவனை எனக்குத் தெரியும்.

முடிவு இரண்டு: அவள் அனுமதிக் கடிதத்தைக் கிழித்து— அவளையும் தெரியும்.

இரண்டு நாட்டிலும் வாழ்ந்தவன் நான். யார் பக்கம் எழுதினாலும் அடுத்த வரியில் மற்றவர் பக்கம் சாய்கிறேன். யார் சரி என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: திங்கட்கிழமை டார்லா சம்மதக் கடிதம் அனுப்பினாள். ஆகஸ்டில் தனியாக விமானம் ஏறினாள். ரெஜிஸ் விமான நிலையம் வரை போனான்.