நான்காவது தட்டல்

அச்சடித்த தாளில் மூன்று வரிகளே இருந்தன. குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு கடையோரம் நின்று மறுபடியும் எண்ணினேன். மூன்றுதான்.

விவேகானந்தன் சேரிடம் நான் இரண்டு வருடமாக ஆய்வு உதவியாளர். ஹேவாஹெட்டப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண் நகர்வதை அளந்து வந்தோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் நான்கின் சுவர்களில் வெடிப்பு. நான்காவது லயத்தில் என் அம்மா இருக்கிறார். எந்த லயத்துச் சனங்களுக்குத் தோட்டம் வேறு இடத்தில் வீடு கொடுக்க வேண்டும் என்பதை மண்சரிவுக் குழு அன்று பத்து மணிக்குக் கூடி முடிவு செய்யும். தாளின் ஐந்தாம் பக்கத்தில் லயத்துக்கு ஒரு வரியாக நான்கும் இருந்திருக்க வேண்டும்.

தாள்களை அச்சடித்த ஸிபானுக்குப் போன் எடுத்தேன்.

"ஸிபான் நானா, அஞ்சாம் பக்கத்துல ஒரு வரி விழல."

"மெஷின் வரி திங்கிறதில்ல தங்கச்சி. ஃபைல்ல இருந்தது அப்படியே வந்திருக்கும். நேத்து பகலே குழு ஆக்கள் எல்லாருக்கும் அனுப்பியாச்சு. தோட்டத்து மனேஜருக்கும்."

"ஃபைல் யார் தந்தது?"

"வேற யாரு? ஒங்கட சேர்தான். மெஷினுக்குப் பக்கத்துலயே நிண்டாரு, மாப்பிள்ளைக்கு முடி வெட்டுறதப் பாக்குற மாதிரி."

கூட்ட அறைக்கு முதல் ஆளாகப் போய் மடிக்கணினியைத் திறந்தேன். எங்கள் துறையில் சிலைடுகளை மவுஸால் இழுத்து ஒட்டுவதில்லை. லேடெக் என்ற மென்பொருளில் கட்டளைகளாகவே எழுதுவோம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால், அது எத்தனையாவது தட்டலில் தெரிய வேண்டும் என்று ஓர் எண் இருக்கும். தன் முறை வரும்போது வரி சிவப்பாக வரும். அடுத்தது வந்ததும் கறுத்துவிடும். தாளுக்கு எடுக்கும்போது எல்லாத் தட்டல்களும் ஒன்றாகி, எல்லா வரிகளும் ஒரே பக்கத்தில் விழும். ஒரு வரி தாளில் விழக் கூடாதென்றால் அதற்கென்று ஒரு பூச்சியம் எழுத வேண்டும்.

நான்காவது வரியில் அந்தப் பூச்சியம் இருந்தது. கை தவறி விழுகிற எழுத்தல்ல அது.

இன்னொன்றும் மாறியிருந்தது. வரப்போகிற வரிகளைச் சேர் எப்போதும் மங்கலாகத் தெரிய விடுவார். இந்த முறை முற்றாக மறைத்திருந்தார். இனி ஒரு வரி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. மூன்றாவதோடு நிறுத்திவிட்டால் அதுவே முடிவு.

போன கிழமை மனேஜர் ஜெயராஜின் ஜீப்பிலிருந்து சேர் இறங்கியதைப் பார்த்திருந்தேன். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் அப்படித்தான். அளக்கப் போனால் அரை நாள் ஒரு சொல் இல்லாமல் போகும். அந்த மௌனத்தை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன். ஒரு மௌனத்துக்குள் எதையும் ஒளித்து வைக்கலாம் என்பது அன்றுதான் உறைத்தது.

பூச்சியத்தை அழிக்கலாம். ஆனால் தாள் முந்தின நாளே போய்விட்டது. மடிக்கணினிக்குப் பக்கத்துக் கதிரையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

பத்து மணிக்குச் சேர் ரிமோட்டோடு எழுந்தார். முதல் தட்டல். முதலாம் லயம் சிவப்பாக வந்தது. ஜெயராஜ் ஒரு புகைப்படத்தைக் குழுத் தலைவியின் பக்கம் நகர்த்தினார். சுவரில் புதுச் சீமெந்து. வெடிப்பு இல்லை. இரண்டாவது தட்டல், இரண்டாவது படம். மூன்றாவதற்கும் அப்படியே.

சேர் ரிமோட்டை மேசையில் வைத்தார். தண்ணீர் குடித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவி தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

நான் மடிக்கணினியின் விசையை அமுக்கினேன்.

நாலாம் லயம், இரண்டு மாதத்தில் பதினொரு மில்லிமீற்றர் நகர்வு. திரையில் அது மட்டும் சிவப்பாக நின்றது. சேர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

ஜெயராஜ் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். "பேப்பர்ல இல்லாத லயம் ஸ்கிரீன்ல எப்படி மொளச்சுச்சு? ராத்திரி மழைக்கா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. இந்த லயத்துக்குப் படம் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். ஜெயராஜ் கோப்பைத் தேடினார். படம் இல்லை. தாளில் இல்லாததை இன்று தீர்மானிக்க முடியாது, பின்னேரம் இரண்டு மணிக்குத் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார் தலைவி. மற்ற மூன்று லயங்களும் திருத்தப்பட்டுவிட்டதாகத் தெரிவதால் அவற்றை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்.

ஜெயராஜ் எல்லாருக்கும் முதல் வெளியேறினார். படியில் அவர் போனில் பேசுவது கேட்டது. "சீமெந்து எத்தன மூட்ட கெடக்கு?"

வாசலில் சேர் என்னருகே வந்தார்.

"தாளில போட்டா, வெடிப்பைப் பூசி மறைக்க அவனுக்கு ஒரு நாள் கிடைக்கும். அதுதான் எடுத்தனான். அவன் படம் எல்லாத்தையும் வைச்சு முடிக்கட்டும் எண்டு நிண்டனான். நீர் அவசரப்பட்டுட்டீர்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே சேர்."

"உம்மட அம்மா அங்க இருக்கிறா. நீர் அவவுக்குச் சொல்லுவீர். லயத்தில ஒருத்தருக்குச் சொன்னா மத்தியானத்துக்குள்ள மனேஜருக்குப் போயிடும்."

அவரும் என்னைச் சந்தேகித்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. வேறொன்று கேட்கத் தோன்றியது.

"அப்ப மத்த மூணு லயத்தையும் தெரிஞ்சேதான் தாள்ல விட்டீங்களா? அவரு பூசட்டும்னு?"

அவர் வீதியைப் பார்த்தார்.

"ஜீப்புல ஏன் போனீங்க?"

"மழை பெய்தது. ஏறச் சொன்னான், ஏறினன்."

போன கிழமை மழை பெய்ததா என்று யோசித்தேன். நினைவில்லை. அவர் ஓர் ஓட்டோவை மறித்து ஹேவாஹெட்டவுக்கு விலை பேசத் தொடங்கினார். நான் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, கதவ சாத்திக்கிட்டு உள்ளேயே இருங்க. ரெண்டு மணிக்கு ஆபீசரம்மா வர்ற வரைக்கும் யாரும் செவுத்துல கை வைக்கக் கூடாது."

"யாரு வரப் போறா?"

"தோட்டத்து ஆளுங்க. சீமெந்தோட வருவாங்க."

"ஒங்க சேர் வந்தா?"

சேர் ஓட்டோவுக்குள் ஒரு காலை வைத்தபடி திரும்பினார். அவருக்குக் கேட்டிருக்கும். அம்மா மறுமுனையில் காத்திருந்தார்.

"யாரா இருந்தாலும்," என்றேன். "நான் வந்து கூப்பிட்டாத்தான் தெறக்கணும்."