அண்ணியின் பச்சை வண்டி

அண்ணனுக்கு முதுகுத்தண்டு பிசகியதும் மருத்துவர் முதல் வேலையாக அவனுடைய க்ரூஸர் பைக்குக்குத் தடை போட்டார். அது பழைய வண்டி. தாழ்ந்த உடம்பு, அகலமான கைப்பிடி, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் ரகம். வாங்கிய நாளிலிருந்து அண்ணன் அதில் எதையாவது மாட்டிக்கொண்டே இருந்தான். குஞ்சம் வைத்த தோல்பைகள், இறக்கை விரித்த கழுகு, லாரி ஹாரன் என்று வண்டியே தெரியாதபடி மூடிவிட்டான்.

விற்றுவிடலாம் என்று அவன் பெருமூச்சு விட்ட அன்று, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அண்ணி, தானே ஓட்டப்போவதாகச் சொன்னாள். பைக் லைசன்ஸ் கல்யாணத்துக்கு முன்பே எடுத்துவிட்டாளாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றான் அண்ணன்.

"நீங்க கேக்கவே இல்லையே."

நசுங்கிய கார்களுக்கு வண்ணம் பூசுவது என் தொழில். அடுத்த விடுமுறையிலேயே நானும் அண்ணியும் ஸ்பானரோடு ஷெட்டில் இறங்கிவிட்டோம். இடுப்புப் பட்டையோடு நாற்காலியில் அமர்ந்த அண்ணன், ஒவ்வொரு சாமானுக்கும் வக்காலத்து வாங்கினான். கழற்றியதையெல்லாம் அவன் மடியிலேயே வைத்தோம். சாயங்காலத்துக்குள் கழுகுக்குப் பின்னால் அவன் முகமே மறைந்துவிட்டது. எதிரே வண்டி, வட்ட விளக்கும் வழவழப்பான டாங்கியுமாகக் குளித்துவிட்டு வந்தது போல நின்றது.

வண்டிக்குப் பூசப்போகும் வண்ணம் பச்சை என்பதில் எங்களுக்குள் சண்டையில்லை. எந்தப் பச்சை என்பதில்தான் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் போலிருந்தது. கடைசியில் அண்ணி, யாருமே வாங்காத பழைய கண்ணாடிச் சட்டம் ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்தாள். ஆழ்ந்த, கொஞ்சம் பால் கலந்த பச்சை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "இதேதான்" என்றோம். டாங்கியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றை நான் இழுத்தபோது அண்ணி தும்மிவிட்டாள். கோடு ஓரிடத்தில் இடுப்பை ஒடித்து நெளிந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்று இருவரும் சாதித்தோம்.

வண்ணம் காய்ந்து, பாகங்களைப் பூட்டி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், வண்டி முனகியதே தவிர கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றினோம், பேட்டரியைத் தட்டினோம், கெஞ்சினோம். நாற்காலியில் இருந்தபடியே அண்ணன், "பெட்ரோல் குழாயத் தொறந்தீங்களா?" என்றான்.

சிரித்துச் சிரித்து நாங்கள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அண்ணி தெருவை ஒரு சுற்று சுற்றிவந்து நிறுத்தினாள். அண்ணன் எழுந்து, வண்டியைச் சுற்றி வந்து, நாங்கள் புதிதாகத் தைத்து மாட்டியிருந்த குட்டி ஒற்றை சீட்டை முறைத்தான்.

"நான் எங்க உக்கார்றது?"

"உங்களுக்குத்தான் வண்டியே கூடாதே."

"ஓட்டத்தான் கூடாதாம். முதுகு சரியானதும் கொஞ்ச தூரம் பின்னாடி உக்காந்து போலாமாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்."

எப்போது கேட்டான் என்று விசாரித்தோம். காது சிவந்ததுதான் பதில்.

சீட் தைப்பவர் தலையில் அடித்துக்கொண்டு, காப்பிக் கொட்டை நிறத்தில் நீளமான சீட் ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். மருத்துவர் தலையாட்டிய மறுநாள், அண்ணன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, தன்னில் பாதி உருவமே உள்ள மனைவியின் இடுப்பைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தான். வண்டி நகர்ந்ததும் நானும் செருப்புச் சத்தம் தடதடக்கத் தெருமுனை வரை கூடவே ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியவில்லை, நிற்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணி சிரிப்பில் மூச்சு வாங்கினாள். "கண்ணத் தொறக்கவே இல்ல உங்கண்ணன்."

"நேராப் போறப்ப தொறந்தேன்" என்றான் அவன், இறங்காமலே. பிறகு அவள் தோளைத் தட்டி, பெரிய ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.