ஒரு கோல் தூரம்

ஏழுபாழிப் பள்ளத்துக்குப் போகப் பிரவீனாவுக்கு வீட்டில் ஒரே நிபந்தனையின் பேரில்தான் அனுமதி கிடைத்தது. நஞ்சப்பன் மகள் கூடவே போய்க் கூடவே திரும்ப வேண்டும்.

நஞ்சப்பன், பிரவீனாவின் அப்பா தம்பிதுரை தோட்டத்துப் பண்ணையாள். தோட்டத்து மூலையில் அவன் குடியிருந்த ஓலைச் சாளை, பண்ணாடி என்று அவன் கூப்பிடும் முதலாளி விட்ட இடம். அவன் அப்பனும் அதே சாளையில்தான் செத்தான். அங்கிருந்துதான் அவன் மகள் அன்புச்செல்வி பொள்ளாச்சி வந்து பஸ் மாறி, கோயமுத்தூர்க் கல்லூரியில் தாவரவியல் படித்தாள். பிரவீனாவும் அதே வகுப்பு. கல்லூரியில் இருவரும் பேசிச் சிரிப்பார்கள். ஊர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒருத்தி முன்னால் போவாள், இன்னொருத்தி பத்தடி தள்ளிப் பின்னால் வருவாள்.

இயற்கை மன்றத்து அறிவிப்பைப் பார்த்து முதலில் பெயர் கொடுத்தவள் அன்புச்செல்விதான். மூன்று வருஷமாகப் பெரணிகளைப் படத்தில் பார்த்தே பரீட்சை எழுதியவள் அவள். அதுகளைப் பாறையில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையின் மேல் பிரவீனாவின் பையைத் தூக்கி வைத்தார்கள். புறப்படுகிற காலையில் தம்பிதுரை அவளைக் கூப்பிட்டு, சின்னம்மணி மேல் ஒரு கீறல் இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். தன் மேல் இருக்கலாமா என்று அவள் கேட்கவில்லை.

தொண்ணூற்றைந்து, ஐப்பசி. பன்னிரண்டு பேர். பேராசிரியர் சென்னகேசவன் தொப்பி போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அவருக்கும் முன்னால் வழிகாட்டி வேலன். இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக நின்றது. நடுவில் தண்ணீர் குடைந்த ஏழு குழிகள், கீழிருந்து ஒன்றுக்கு மேல் ஒன்றாக. அதைத்தான் பாழி என்பார்கள். உச்சிப்பாறையில் தேனடைகள் முறம் முறமாகத் தொங்கின. நிழல் விழுந்த சுவர் முழுக்கப் பெரணி. அன்புச்செல்வி ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். பிரவீனா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே கேலி பண்ணினாள்.

"இத்தனை பச்சைக்கும் பேரு சொல்றே. எம் பை கனமா இருக்குதுன்னு சொல்ல மட்டும் வாய் வரலையா?"

"சொன்னா வாங்கிக்குவீங்களா?"

பிரவீனா சிரித்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

ஐந்தாவது பாழியில் வேலன் நின்று மேற்கே பார்த்தார். மலைமுகட்டில் கறுத்திருந்தது. மழை இங்கே பெய்யாது, தண்ணீர் மட்டும் இங்கே வரும், திரும்பிவிடலாம் என்றார். மீதி இரண்டையும் பார்த்துவிட்டே போகலாம் என்று சென்னகேசவன் அரைமணி நேரம் கேட்டு வாங்கினார். அந்த அரைமணி நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டது.

திரும்பும் வழியில் நாலாம் பாழிக்கு மேல் பள்ளத்தைக் குறுக்கே தாண்ட வேண்டும். வேலன் எல்லோரையும் கைகோக்கச் சொல்லிச் சங்கிலியாகக் கூட்டிப் போனார். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துப் பிரவீனா பின்தங்கியிருந்தாள். அவளோடு பின்தங்குவதுதான் அன்புச்செல்வியின் வேலை. இருவரும் வந்து சேர்ந்தபோது சங்கிலி அக்கரையில் இருந்தது. அங்கேயே நில்லுங்கள், திரும்பி வருகிறேன் என்று வேலன் சத்தம் போட்டார். ஆனால் அவர்கள் நின்ற கல்லின் மேலேயே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அன்புச்செல்வி கையிலிருந்த மூங்கில் கோலை ஊன்றி நடுப்பாறைக்குத் தாவினாள். கால் நின்றது. திரும்பினாள்.

பிரவீனா கையை நீட்டியிருந்தாள். எட்டிப் பிடிக்கிற தூரம்தான்.

அன்புச்செல்வி கோலை நீட்டினாள்.

யோசித்துச் செய்ததில்லை. பண்ணாடி வீட்டார் எதை நீட்டினாலும் தொடாமல் வாங்கி, எதைக் கொடுத்தாலும் கீழே வைத்துவிட்டு நகர்ந்து பழகிய உடம்பு அது. யோசிக்க நேரமில்லாதபோது உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. பிரவீனாவும் ஒரு கணம் அந்தக் கோலைப் பார்த்துவிட்டு அதையே பிடித்தாள். பாசி படிந்த மூங்கில் அவள் உள்ளங்கைக்குள் ஒரு முழம் வழுக்கி, விடுபட்டது. அன்புச்செல்வி கோலைப் போட்டுவிட்டுக் கையை நீட்டியபோது அங்கே செந்தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து மூன்றாம் பாழியிலிருந்து வேலனும் ஊர்க்காரர்களும் பிரவீனாவைத் தூக்கினார்கள். வனத்துறைச் சோதனைச் சாவடி வராந்தாவில் கிடத்தி, வேட்டியால் மூடினார்கள்.

சென்னகேசவன் அன்புச்செல்வியைத் தனியே கூப்பிட்டார். கையைப் பிடித்தேன், வழுக்கிவிட்டது என்று சொல்லிவிடு என்றார். கோல் கதையெல்லாம் யாருக்கும் புரியாது, கல்லூரிக்கும் கெட்ட பேர், உங்கள் அப்பா குடியிருக்கிற இடத்தையும் நினைத்துப் பார் என்றார். அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சாளை, இரண்டு ஆடு, அம்மா பழனியாத்தாளின் வியாழக்கிழமைக் கூலி. ஒரு பொய்க்கு அத்தனையும் மிஞ்சும்.

தகவல் போய்த் தம்பிதுரையின் ஜீப் வந்தது. பின்னால் உட்கார்ந்து வந்த நஞ்சப்பன் இறங்கி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வெளியே நின்றான். தம்பிதுரை உள்ளே போய் வேட்டியை விலக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அழுகையில்லை.

"ஏபுள்ள, அவ கையப் புடிச்சியா இல்லியா?"

பேராசிரியர் அவளையே பார்த்தார். விசாரிக்க வந்திருந்த போலீஸ் ஏட்டு பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"இல்லீங்க. கோலைத்தான் நீட்டுனேன்."

"ஏன் புடிக்கல?"

"ஏழு வயசுல ஒருக்காப் புடிச்சேனுங்க. கெணத்துத் தொட்டி மேல இருந்து சின்னம்மணி விழப் போனாங்க, தாவிப் புடிச்சுப்போட்டேன். தொட்டுட்டேன்னு உங்கூட்டுல சத்தம் போட்டாங்க. எங்கம்மா என்னை உங்க வாசல்லயே போட்டு அடிச்சாங்க. நீங்க கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தீங்க."

நஞ்சப்பன் கையெடுத்துக் கும்பிட்டான், வாயை மூடு என்று. தம்பிதுரை ஏட்டின் பக்கம் திரும்பி, "கால் வழுக்கி விழுந்துட்டான்னு எழுதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

மகள் போன வலியிலும் மனுஷனுக்கு எதை எழுதக் கூடாது என்று தெரிந்திருந்தது. அன்புச்செல்விக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. அது பிரவீனாவுக்காகவா, அந்த வாக்கியத்துக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏட்டு காகிதத்தை நீட்டினார். அவள் முழுக்கப் படித்தாள். இதில் தன் கையெழுத்து வராது என்றாள். ஏட்டு அலுத்துக்கொண்டு, அப்பன் வைத்தால் போதும் என்று மைப்பெட்டியை எடுத்தார். நஞ்சப்பன் மகளைப் பார்க்காமல் பெருவிரலை நீட்டினான். பள்ளத்தை எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன் பள்ளத்தில் நடந்ததற்குச் சாட்சி ஆனான்.

"காலைல வெறகு பொளக்க வந்துரு நஞ்சா" என்றார் தம்பிதுரை. "உம்மவளையும் கூட்டியா. வாசல் கூட்டோணும்."

"வாரேனுங்க" என்றான் நஞ்சப்பன்.

"நான் வரலீங்க" என்றாள் அன்புச்செல்வி.

அவள் போகவில்லை. காரியம் முடிந்த மறுநாள், சாளையைப் பிரித்துக்கொள்ளச் சொல்லி ஆள் வந்தது. பண்ணாடி திட்டவில்லை, ஒரு வார்த்தை கூட அதிகம் சொல்லவில்லை என்று வந்த ஆள் பெருமையாகச் சொன்னான். நஞ்சப்பன் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு ரோட்டோரம் போய் உட்கார்ந்துவிட்டான். பழனியாத்தாள் சட்டிபானைகளை எடுத்து வெளியே வைத்தபடி, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"ஒரே ஒரு கையெழுத்து. இத்தனை படிச்சவளுக்கு அது கூடவா போட வராது கண்ணு?"

அன்புச்செல்வி விட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்து ஓலைக் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள்.