அத்தியப்பன் பல்பு வாங்கியது

சங்ககிரியில் லாரி பல்புகளைக் கடையில் விற்பதில்லை. பல்பு வேண்டுமென்றால் நாலு பேர் முன்னால் அசடு வழிய வேண்டும். வழிந்த மறுகணம் பல்பு வலது கையில் இருக்கும். கண்டவர், கேட்டவர் எத்தனை பேரோ அத்தனை பல்பு. மீட்டர் பல்புக்குச் சின்ன அசடு போதும். ஹெட்லைட் என்றால் கல்யாண மண்டபம் வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

டிரைவர் அத்தியப்பன் இதுவரை ஒரு பல்புகூட வாங்கியதில்லை. எதையும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் வாய் திறப்பார். கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த பல்புகளே இத்தனை காலம் எரிந்தன.

எலக்ட்ரீஷியன் கமருதீன் பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு மீட்டர் போர்டை வெளியே இழுத்தார். ஹோல்டர்களை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஸ்டீயரிங் நடுவில் ஹாரன் மூடியையும் நெம்பித் திறந்தார்.

“மீட்டர்ல அஞ்சு, ஸ்டீயரிங்ல ஒண்ணு. ஆறும் போயிருச்சுங்கண்ணா. போய் வாங்கிட்டு வாங்க.”

“உன்னோடது ஒண்ணு போடேன் பாய்.”

கமருதீன் தன் பையிலிருந்து ஒன்றை மாட்டி வயரைத் தொட்டுக் காட்டினார். நின்றுகொண்டிருந்த லாரியின் மீட்டர் நாற்பது காட்டியது. கமருதீன் காலையில் பைக்கில் வந்த வேகம் அது.

“அவரவர் வாங்கினது அவரவருக்குத்தானுங்க.”

அன்று சாயங்காலம் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு மலை தாண்ட வேண்டும். அந்தக் கணவாய் இறக்கத்தில் ஏர் மீட்டர் தெரியாமல் இறங்க முடியாது. காற்று குறைந்தால் பிரேக் பிடிக்காது. ஒரு லாரி அங்கே தலைகுப்புறக் கிடந்ததை அத்தியப்பன் பார்த்திருக்கிறார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

எதிர் பேக்கரிக்குப் போனார். அங்கே ஒருவர், யாரோ தனக்குக் கையசைக்கிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார். பின்னால் இருந்தவருக்கான அசைப்பு அது. உள்ளங்கையில் வந்த பல்பை அவர் வேட்டியில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இவ்வளவு சுலபமா என்று அத்தியப்பனுக்கு ஆர்வம் வந்தது. தொண்டையைச் செருமினார்.

“மாஸ்டர், ஒரு லிட்டர் டீசல் குடுங்க.”

“சர்க்கரை போட்டா, போடாமலாங்க?” என்றார் டீ மாஸ்டர். இரண்டு பேர் சிரித்தார்கள். மாஸ்டரையும் சேர்த்து மூன்று பல்புகள் வந்தன.

கமருதீன் மூன்றையும் தூக்கிப் பார்த்தார். “நடிச்சு வாங்கியிருக்கீங்க. உள்ளே இழையே இல்லை.”

அத்தியப்பன் லாரியின் நிழலில் போய் நின்றார். மனைவிக்குப் போன் போட்டார். மனைவியை அவர் கூப்பிடுவது அம்மணி என்றுதான். போனிலும் அப்படியே பதிந்திருந்தார். லோடு தரும் முட்டைக் கடையின் பெயரும் அம்மணி முட்டைக் கடை. பட்டன் போனின் சின்னத் திரையில் முதல் சொல் மட்டும் தெரியும். மேலே இருப்பது மனைவி, கீழே இருப்பது கடை. வியர்த்த விரல் ஒரு தடவை கூடுதலாகக் கீழே அழுத்திவிட்டது.

எடுத்ததும் அவர் நிறுத்தாமல் பேசினார். “அம்மணி, நான் சொல்றதக் கேளு. எனக்கு அந்த இறக்கம்னா பயம். ஒவ்வொரு வாட்டியும் காலு நடுங்குது. உம் மூஞ்சிய நெனச்சுக்கிட்டுத்தான் இறங்குவேன் கண்ணு.”

அந்தப் பக்கம் முட்டைத் தட்டு ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது,” என்றது ஓர் ஆண் குரல். “முட்டை பூரா என்னோடது. லோடு ஏத்துற ஆளுங்களும் கேட்டுட்டிருக்காங்க, ஸ்பீக்கர்ல போட்டுட்டனுங்க.”

அத்தியப்பனின் காது மடல் வரைக்கும் சுட்டது. கையும் சுட்டது.

“ஏனுங்க, அங்க மொத்தம் எத்தனை பேரு?”

“என்னோட சேர்த்து ஆறுங்க.”

கையில் ஏழு இருந்தன. மறுபடி எண்ணினார். ஏழுதான்.

கேபினுக்குள்ளிருந்து கமருதீனின் குரல் வந்தது. “நானும் கேட்டனுங்கண்ணா.”

ஏழிலும் இழை நன்றாக இருந்தது. ஐந்து மீட்டர் போர்டுக்குள் போயின. ஒன்று ஸ்டீயரிங்குக்குள் உட்கார்ந்தது. மிஞ்சியதற்குக் கமருதீன் உள்ளே கையை விட்டுத் துழாவினார். ஏர் மீட்டருக்குப் பக்கத்தில் காலியாக ஒரு ஹோல்டர் அகப்பட்டது. பல்பை அழுத்திப் பேட்டரி வயரைத் தொட்டார். இதுவரை தெரியாத ஒரு வட்டம் மஞ்சளாக எரிந்தது. பயம் என்று எழுதியிருந்தது. முள் முக்காலில் நின்றது.

“இது சிவப்புக்குக் கீழே போகாமப் பார்த்துக்கங்க,” என்று சொல்லிக்கொண்டே கமருதீன் பேட்டரி வயரை முறுக்கி மாட்டினார். “போச்சுன்னா காத்து இருந்தும் பிரேக் மிதிக்கத் தோணாது.”

வண்டி பொழுது சாயக் கிளம்பியது. முட்டை அசையவில்லை. நல்ல ரோடு, நல்ல காற்று. பாட்டுகூட வாயில் வந்தது. கணவாய்க்கு முந்தின பங்க்கை நெருங்கும்போது பயத்தின் முள் சிவப்பைத் தொட்டது. அத்தியப்பன் வண்டியை உள்ளே ஒடித்து நிறுத்தினார்.

“டீசலுங்களா?”

“டீசல் இருக்குது.” பயத்தின் வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். “இதுல கொஞ்சம் போடுங்க.”

பங்க் ஆள் படியில் ஏறி, அவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். முள் மெதுவாகப் பாதிக்கு ஏறியது.

“போதுங்களா?”

“இன்னும் ஒரு வார்த்தை.”